அம்சம் வளர்த்த பிள்ளை

பிள்ளை விழுந்த மறுநிமிஷமே, வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஆணா பெண்ணா என்று கத்திச் சொல்லிவிடுவது ராமாயியின் வழக்கம். இருபது வருஷமாக அந்த ஊருக்குப் பிரசவம் பார்க்கிறவள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் வெயில் விழுந்த இடத்துக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். திரும்பி வந்து அம்சத்தின் காதோரம் பேசினாள்.

“இங்க பாரு அம்சம், எனக்கே புடிபடல. பொண்ணு மாதிரிதான் இருக்கு. முழுசாப் பொண்ணுன்னும் சொல்ல முடியல. நான் பொண்ணுன்னே சொல்லிடுறேன். நீயும் அப்படியே வளத்துடு. வெளிய தெரிஞ்சுதுன்னு வையி, ஒன் புள்ளய வேடிக்கை பாக்கவே ஊரு கூடிரும்.”

அம்சத்துக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. இதாவது தங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தலையை ஆட்டினாள். ராமாயி வாசலுக்குப் போய், “பொண்ணு” என்றாள். அம்சத்தின் புருஷன் வீரையன் “சரி” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

நீலாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஒரு பாசன வாய்க்கால் முடியும் இடத்தில் இருந்தது அவர்கள் ஊர். கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து முதலில் வற்றும். அங்கே மிராசுதாருக்குச் சொந்தமான ஐந்து மா நிலத்தை வீரையன் குத்தகைக்குச் செய்துவந்தான். ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட வரும். அவன் அப்பன் காலமெல்லாம் அதே நிலத்தில் கூலியாக நின்றவன். குத்தகைதாரன் என்கிற பெயர் வந்தது வீரையனுக்குத்தான். அந்தப் பெயரை அவன் இடுப்பு வேட்டியைப் போல இறுக்கிப் பிடித்திருந்தான்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது எல்லாம் அம்சம் மட்டும்தான். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். நாத்தனார் வந்து தூக்கினால்கூட, “பால் கக்கும்” என்று சொல்லி வாங்கிக்கொள்வாள். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து பிள்ளையைப் பாவாடை இல்லாமல் அவள் வாசல்படி தாண்டவிட்டதில்லை. ஊரில் மற்றப் பெண்பிள்ளைகள் ஐந்து வயசு வரை அரைஞாணோடு திரியும். நீலா மட்டும் எப்போதும் உடுத்தியிருப்பாள். “அம்சத்துக்குப் பெரிய வீட்டு நெனப்பு” என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள்.

ஆனால் பிள்ளை அவள் சொன்ன வழியில் வரவில்லை. பாவாடையைத் தூக்கித் தாறு பாய்ச்சிக்கொண்டு பயல்களோடு வாய்க்காலில் குதிக்கும். வீரையன் ஏர் ஓட்டினால் பின்னாலேயே ஓடி மேழியைத் தொட்டுப் பார்க்கும். பூ வைத்துவிட்டால் அடுத்த நிமிஷம் அது எருமையின் கொம்பில் இருக்கும். ஆறாவது வயசில் ஒருநாள், அம்சம் சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து சொன்னது.

“அம்மா, நான் பொட்டப்புள்ள இல்லம்மா.”

“பின்ன யாராம்?”

“நான் பய.”

 ராமாயி எங்கேயாவது வாயை விட்டுவிட்டாளோ என்று அம்சம் நினைத்தாள். “யாருடி சொன்னா?” என்று பிடித்து உலுக்கினாள்.

“யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்.”

பக்கத்து வீட்டுக்காரி அப்போது வேலியோரம்தான் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்குமோ என்கிற பயத்தில் அம்சம் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அடுப்பில் கிடந்த கரண்டிக் காம்பை எடுத்துப் பிள்ளையின் தொடையில் வைத்துவிட்டாள். அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தபோது, “பொய் சொல்றா இவ” என்றாள்.

அன்றைக்கு அம்சம் சாப்பிடவில்லை. புண்ணுக்கு எண்ணெய் தடவியபடி, “இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்னு சொல்லு” என்று கெஞ்சினாள். பிள்ளை சொல்லிற்று. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சொல்லாமல் விட்டதோடு நிற்கவில்லை, கற்றுக்கொள்ளவும் செய்தது. காலை ஒடுக்கி உட்கார், சத்தமாகச் சிரிக்காதே, ஆம்பளை எதிரே வந்தால் ஒதுங்கி நில், தாவணியை இழுத்து விட்டுக்கொள் என்று அம்சம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டது. பத்து வயசில் நாற்று பறிக்கப் போனாள். பன்னிரண்டில் நடவுக்கு இறங்கினாள். பதினான்கில் அந்தத் தெரு நடவாட்களில் அவள் கைதான் வேகம். குனிந்தால் வரப்பு வரும்வரை நிமிர மாட்டாள். பெண்கள் அவளைத் தங்களுக்கு நடுவில் நிறுத்திக்கொள்வார்கள். அவளோடு சமவயசுக்காரியான கமலாம்பாள் கஞ்சிக் கலயத்தைக்கூட அவளோடு பங்கு போட்டுக்கொள்வாள். தூரத்திலிருந்து அதைப் பார்க்கும்போது அம்சத்துக்கு நெஞ்சு நிறையும். வளர்த்துவிட்டோம் என்று நினைப்பாள்.

பதினைந்து முடிந்தது. நீலா வயசுக்கு வரவில்லை. குரல் உடைந்தது. சளி என்றாள் அம்சம். மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தது. மஞ்சள் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். தோள் அகன்று ரவிக்கை கிழிந்தது. வேறு தைத்துக் கொடுத்தாள். நடவில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கமலாம்பாள் மட்டும் எப்போதும் போல இருந்தாள்.

அந்த வருஷம் ஊர்களில் நிலைமை சரியில்லை. புது ஆட்சி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குத்தகை நிலத்தைப் பாடுபடுகிறவன் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டதாக விவசாயிகள் சங்கத்து நடராசன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். பதிந்துவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் பதிவதற்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்று மிராசுதார்கள் முந்தினார்கள். தை அறுப்பின்போது வீரையன் வயலில் மிராசுதாரின் ஏஜெண்டு வெளியூர் ஆட்களை இறக்கினார். வீரையன் குறுக்கே படுத்தான். தடியால் அடித்ததில் வலது முழங்கால் சிதறிப்போயிற்று. நாட்டுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் கிடந்தான். எழுந்தபோது கால் நேராக வரவில்லை. சேற்றில் ஒரு அடி வைத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

ஏஜெண்டு தெருமுனையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “சட்டம் யாருக்கு? உழுவுறவனுக்கு. இவன் நொண்டி. ஏர் புடிக்க ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கய்யா குத்தகை?”

நடராசனிடம் கேட்டார்கள். “அப்படி இருக்காதுன்னுதான் நெனக்கிறேன். தஞ்சாவூர்ல வக்கீலப் பாத்துக் கேட்டுட்டு வந்து சொல்றேன். அவசரப்படாதீங்க” என்றார்.

வீரையனுக்குப் பொறுமை இல்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி பகலெல்லாம் ஒரே பாட்டு. “ஒரு ஆம்பளப் புள்ள பெத்திருந்தா இந்த நெலம வருமா? கெட்டிக்காரியாப் பாத்துக் கட்டியிருந்தா…”

ஒருநாள் அம்சம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதையே மறுபடி ஆரம்பித்தான். முறத்தைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, புண்ணுக்கு எண்ணெய் தடவியபோதுகூடச் சொல்லாததை, அந்த ஐந்து மாவுக்காகச் சொல்லிவிட்டாள்.

வீரையன் கோபப்படுவான் என்று பயந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அப்படிப் பிடித்ததில்லை.

“மவனா? எனக்கு மவனா இருக்கான்?”

பூதலூரில் ரயில் ஏறி மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் போனார்கள். ஹமீதா பானு என்று ஒரு டாக்டரம்மா. தனியாகக் கிளினிக் வைத்திருந்தார். நீலாவை உள்ளே அழைத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்ததும் அம்சத்தைத்தான் முதலில் கேட்டார்.

“தொடையில என்னம்மா அவ்வளவு பெரிய தழும்பு?”

“சின்னதுல அடுப்புல விழுந்துட்டுதுங்க.”

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு நிதானமாக விளக்கினார். “உள்ளே இருக்கிற உடம்பு ஆணோடதும்மா. வயித்துல இருக்கும்போது வெளியில தெரியிற மாதிரி வளரல. அதனால பார்த்தவங்க பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. இப்ப வயசு வந்ததும் உடம்பு தன் வேலையைச் செய்யுது. யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா ஒண்ணு. உடம்பு ஒண்ணு சொல்லும், வளர்த்தது ஒண்ணு சொல்லும். ரெண்டும் சேர்ந்துதான் மனுஷன். இனிமே எப்படி இருக்கணும்கிறத நீங்க முடிவு பண்ணாதீங்க. பிள்ளையைக் கேளுங்க.”

“அதெல்லாம் கேக்குறதுக்கு என்னங்க இருக்கு? ஆம்பளன்னு எழுதிக் குடுங்க” என்றான் வீரையன்.

டாக்டர் அவனை விட்டுவிட்டு நீலாவைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. உனக்கு என்ன தோணுது?”

நீலா தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஆறு வயசுலயே சொல்லிட்டேங்க. என்ன சொன்னேன்னு எங்கம்மாவக் கேளுங்க.”

அம்சம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பிவரும் வழியிலேயே வீரையன் முடிவெட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். இடுப்புக்குக் கீழே தொங்கிய சடை ஐந்து நிமிஷத்தில் தரையில் கிடந்தது. வேட்டி, சட்டை வாங்கினான். இளையபெருமாள் என்று பெயர் வைத்தான். அது அவன் அப்பன் பெயர். ஊருக்குள் நுழைந்ததும் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “எம் மவன், எம் மவன்” என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டதால் பிள்ளை சந்தோஷப்படும் என்று அம்சம் நம்பினாள். முதல் சில நாள் அப்படித்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இளையபெருமாள் வயலுக்குப் போனான். நடராசன் வீட்டு மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டினான். முதல் இரண்டு சால் கோணிற்று, மூன்றாவது நேராக விழுந்தது. வீட்டுக்கு வந்து அவனாகவே சோறு கேட்டுச் சாப்பிட்டான்.

ஆனால் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவன் எழுந்துகொள்வான். உட்காரும்போது காலை ஒடுக்கிக்கொண்டான், அதைப் பார்த்துச் சிரித்தார்கள். யாராவது பெரியவர் பேசினால் அவன் கை தானாக மார்புக்குப் போய், அங்கே இல்லாத தாவணியை இழுத்துவிடும். அதைப் பயல்கள் நடித்துக்காட்டிச் சிரித்தார்கள். அம்சம் ஒருமுறை அதைத் தன் கண்ணால் பார்த்தாள். பத்து வருஷம் பாடுபட்டு அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

பெண்கள் பக்கமும் போக முடியவில்லை. நடவு நடக்கிற வரப்பில் அவன் வந்தால் பாட்டு நின்றுவிடும். கமலாம்பாளை அவள் தகப்பன் அடித்து, இனிமேல் அவன் இருக்கிற திசையில் தலை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். இத்தனை நாள் ஒரே கலயத்தில் குடித்தார்களே, என்னென்ன நடந்ததோ என்று ஊர் பேசிற்று. அந்தப் பேச்சிலேயே கமலாம்பாளுக்கு அவசரமாகக் கும்பகோணம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு அம்சத்தின் வீட்டுக்கு அழைப்பு இல்லை.

அன்றைக்குத்தான் இளையபெருமாள் அம்சத்திடம் கேட்டான். கொட்டகையில் எருமைக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பாமலே கேட்டான்.

“அன்னிக்கு நான் சொன்னப்ப ஏம்மா சூடு வச்ச?”

“ஊருக்குப் பயந்துகிட்டுதான்டா. ஒன்ன உசுரோட வச்சிக்கணும்னுதான்.”

“இப்ப ஊரு இல்லியா?”

அம்சம் சிந்திக் கிடந்த வைக்கோலைக் கூட்டி அள்ளினாள்.

“பொண்ணா இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன் தெரியுமா? அதுலயும் எனக்குன்னு ஒரு எடம் இருந்துச்சு. நடுவுல நிப்பேன். இப்ப அதுவும் போச்சு.”

அடுத்த வருஷம் பங்குனியில் குத்தகைப் பதிவு விசாரணை வைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மிராசுதார் தரப்பில் ஏஜெண்டும் ஒரு வக்கீலும் வந்திருந்தார்கள். வராந்தாவில் ஆள் நிற்க இடமில்லை. நிலத்துக்கு வந்தவர்கள் பாதி, பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் பாதி.

வீரையன் பெயர் கூப்பிட்டதும் ஏஜெண்டு எழுந்தார். “ஐயா, இவருக்கு நடக்கவே முடியாது. ஒரே பொண்ணு. பிறப்புப் பதிவுல நீலாம்பாள்னு இருக்கு. அதுக்குத் தலையச் செரைச்சு வேட்டி கட்டிக் கூட்டியாந்து மவன்னு சொல்றாரு. கவர்மெண்ட ஏமாத்துற வேலைங்க இது.”

வீரையன் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினான். ஏஜெண்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கேட்டா யாரும் எழுதிக் குடுப்பாங்க. ஊரே இது பொம்பளைங்களோட நடவு நட்டதப் பாத்திருக்கு. மேல் சட்டையக் கழட்டச் சொல்லுங்க, பாத்துடுவோம்.”

கூட்டம் சிரித்தது. அதிகாரி அப்போது முந்தின வழக்கின் காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். நடராசன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர முயன்றார். அதற்குள் வீரையன் திரும்பினான். அவன் முகத்தில் ஆவேசம் வந்திருந்தது.

“கழட்டுடா. எல்லாத்தையும் கழட்டிக் காட்டு. எம் மவன்னு இவனுவளுக்குத் தெரியட்டும்.”

இளையபெருமாள் அம்மாவைப் பார்த்தான். அம்சம் கதவோரம் நின்றிருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் முந்தானையை விரித்து மறைத்திருக்கலாம். பதினாறு வருஷம் மறைத்தவளுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அந்த ஐந்து மா மேசைமேல் இருந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவன் சட்டையைக் கழற்றினான். யாரோ விசில் அடித்தார்கள். அவன் கை மார்புக்கு நடுவே போய், இழுத்து விட எதுவும் இல்லாமல் அங்கேயே நின்றது. பிறகு இறங்கி வேட்டி முடிச்சைத் தொட்டது.

“ஏய், நிறுத்து! என்ன நடக்குது இங்கே?” என்று அதிகாரி எழுந்துவிட்டார். “சட்டையைப் போடு தம்பி. யாரய்யா இதைக் கழற்றச் சொன்னது?”

ஏஜெண்டு ஆணா பெண்ணா என்று மறுபடி ஆரம்பித்தார். அதிகாரி மேசையைத் தட்டினார். “எதுக்குய்யா எனக்கு அது? குத்தகைதாரரோ அவர் குடும்பத்திலே ஒருத்தரோ உடம்பால பாடுபட்டா போதும்னுதான் சட்டம். மகன்னு எங்கே இருக்கு? மகள் பாடுபட்டாலும் பதிவேன், பெண்டாட்டி பாடுபட்டாலும் பதிவேன். இந்தப் பிள்ளை வயலில் வேலை செய்யுதுன்னு நீங்களே இப்பச் சொன்னீங்க. நடவு நட்டதை ஊரே பார்த்ததுன்னு. அது போதும்.”

முத்திரை விழுந்தது. வீரையன் பெயரில் ஐந்து மாவும் பதிவாயிற்று. சங்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். நடராசன் அம்சத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “இதக் கேட்டுச் சொல்றதுக்குத்தானம்மா நான் அலைஞ்சேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிய வெட்டிக் கூட்டியாந்துட்டீங்க, அப்புறம் நான் சொன்னத வீரையன் காதுலயே வாங்கல. அன்னிக்கு ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

அவள் வராந்தாவில் தேடினாள். இளையபெருமாள் இல்லை.

வீட்டிலும் இல்லை. கொடியில் வேட்டி இல்லை, பாவாடை தாவணி இருந்தது. வீரையன் முதலில், “வருவான், எங்க போவப் போறான்” என்றான். பிறகு திட்டினான். இரண்டு மாதம் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், தம்பி மகன் சாமிதுரையைக் கூட்டிவந்து ஏரைக் கையில் கொடுத்தான். சாமிதுரை நன்றாக உழுதான். அவர்கள் வீட்டிலேயே தங்கினான். வீரையன் அவனைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டான்.

நான்காவது வருஷம் நடராசன் ஒரு சேதி கொண்டுவந்தார். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் ரெத்தினம் என்று ஒரு ஆள் வேலை செய்கிறான், ஜாடை அப்படியே இருக்கிறது என்றார். ரெத்தினம் ஆணுக்கும் வைக்கிற பெயர், பெண்ணுக்கும் வைக்கிற பெயர். அம்சம் வீரையனிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள். இரண்டு இடத்தில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து அவள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. முழங்கால் வரை வேட்டியை ஏற்றிக்கட்டி, தலையில் துண்டு சுற்றிய ஒருவன் பாத்தியில் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தான். நல்ல தாடி. அவள் நின்றதைப் பார்த்ததும் பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

“வாங்க” என்றான்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அந்தப் பிள்ளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறது.

“நீலா…” என்று ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.

“இப்படி நெழல்ல ஒக்காருங்க. வெயிலு ஒத்துக்காது ஒங்களுக்கு.” கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான். ஆள் அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னான். அப்பா கால் எப்படி இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நடராசன் சுகமா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“ஊருக்கு வாடா. நெலம் ஒன்னோடதுதான்டா” என்றாள்.

“இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உப்பு வாரத் தெரியுமான்னு மட்டும் கேட்டாங்க. தெரியாதுன்னேன், கத்துக் குடுத்தாங்க.”

டீ வாங்கிவந்த பெண் கூடவே நின்று அம்சத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் உப்பு வாருகிறவள்தான், அதே பாத்தி. “யாரு ரெத்தினம், சொந்தக்காரங்களா?” என்று கேட்டாள்.

“எங்க ஊர்க்காரங்க. இந்தப் பக்கம் வந்தவங்க, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்காங்க.”

அந்தப் பெண் அம்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். “அப்படிங்களா? ஊர்ல இவரோட அம்மா அப்பால்லாம் நல்லா இருக்காங்களா?”

அம்சம் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கூரைக் கழியைப் பார்த்தபடி நின்றான், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கிறவன் போல.

“அவங்க அம்மா செத்து நாளாச்சும்மா” என்றாள்.

மீதி டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவன் ரோடு வரை கூட வந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஜன்னலோரமாக இடம் பார்த்து ஏற்றிவிட்டான். “பாத்துப் போங்க” என்றான்.